'இதோ வந்துட்டேன்' ஆங்கிலத்தில் ஏன் 'ஐ கேம்' ஆகாது? நிகழ்காலத் தொடரும் எளிய இறந்தகாலமும்

வாசலில் நண்பர் காத்திருக்கிறார். உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர் "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறார். அவர் இன்னும் படி இறங்கவில்லை. ஆனாலும் வினைச்சொல் இறந்தகாலத்தில் இருக்கிறது. தமிழில் இதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ஆங்கிலத்தில் இதே இடத்தில் சொல்ல வேண்டியது 'ஐ ஆம் கமிங்'. தமிழ் வினையின் காலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு 'ஐ கேம்' என்று சொன்னால், கேட்பவர் "எப்போது வந்தாய்?" என்று திரும்பிப் பார்ப்பார்.

பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்த விதி சுருக்கமானது: இப்போது நடப்பதற்கு பிரசென்ட் கன்டினியூயஸ், முன்பு நடந்ததற்கு சிம்பிள் பாஸ்ட். இந்த விதி தப்பில்லை, ஆனால் போதாது. இதை மட்டும் வைத்துக்கொண்டு 'நாளை போகிறேன்', 'சட்டை போட்டிருக்கிறார்', 'எனக்கு இரண்டு அண்ணன்கள்' ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் போனால் தடுமாறுவோம். இந்த இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம் 'எப்போது' என்பதோடு முடிந்துவிடுவதில்லை. நிகழ்ச்சியைப் பேசுபவர் எங்கிருந்து பார்க்கிறார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

## காலம் வேறு, நோக்கு வேறு

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதாகும்.

1. காலம். ஆங்கிலத்தில் டென்ஸ் என்பார்கள். நிகழ்ச்சி பேசும் நேரத்துக்கு முன்பா, அந்த நேரத்திலா என்பதை வினைச்சொல்லின் வடிவம் காட்டுவது இது.

2. நோக்கு. ஆங்கிலத்தில் ஆஸ்பெக்ட். நிகழ்ச்சியை முழுசாக, தொடக்கமும் முடிவும் சேர்ந்த ஒரே பொருளாகப் பார்க்கிறோமா, அல்லது அதன் நடுவில் நின்றுகொண்டு பார்க்கிறோமா என்பதைக் காட்டுவது.

ஓடும் பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்குப் பயணத்தின் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. ஓடிக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். நிகழ்காலத் தொடர் இந்த இருக்கையிலிருந்து பேசுகிறது. பயணம் முடிந்து, கையில் டிக்கெட்டோடு நிலையத்தில் நிற்பவருக்கு மொத்தப் பயணமும் ஒரே துண்டாகத் தெரியும். எளிய இறந்தகாலம் அங்கிருந்து பேசுகிறது.

ஆக, பிரசென்ட் கன்டினியூயஸ் என்ற பெயருக்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன: பிரசென்ட் என்பது காலம், கன்டினியூயஸ் என்பது நோக்கு. (பிரசென்ட் ப்ரோக்ரெசிவ் என்றாலும் இதுவேதான், இலக்கண நூல்கள் இரண்டு பெயர்களையும் பயன்படுத்துகின்றன.) சிம்பிள் பாஸ்ட் என்பதில் காலம் வெளிப்படையாக இருக்கிறது. நோக்குக்குத் தனி அடையாளம் இல்லை. ஆனால் ஒரு செயலைப் பற்றிப் பேசும்போது அது பெரும்பாலும் முழுமையான பார்வையையே தருகிறது.

## வடிவம்

இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. நிகழ்காலத் தொடருக்கு 'ஆம்', 'இஸ்', 'ஆர்' ஆகிய மூன்றில் ஒன்றும், 'இங்' விகுதி சேர்ந்த வினையும் வேண்டும்: 'ஷி இஸ் குக்கிங்'. எளிய இறந்தகாலத்துக்கு வினையே உருமாறும்: 'ஷி குக்ட்'. ஒழுங்கான வினைகளின் கடைசியில் எழுத்தில் ஒரே விகுதி வந்தாலும், உச்சரிப்பு மூன்று வகை. 'வாக்ட்' என்பதில் வல்லோசை, 'பிளேய்ட்' என்பதில் மெல்லிய ஓசை, 'வான்டிட்' என்பதில் தனி அசை. 'வாக்' என்பதன் இறந்தகாலத்தை 'வாக்கெட்' என்று படிப்பது எழுத்தைப் பார்த்துப் படிப்பதால் வரும் பழக்கம்.

ஒழுங்கற்ற வினைகள் சுமார் 200 இருக்கின்றன. 'கோ' என்பது 'வென்ட்' ஆகிறது. 'ஈட்' என்பது 'ஏட்' ஆகிறது. 'புட்', 'கட்' ஆகியவை மாறுவதே இல்லை. 'வென்ட்' உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம். 'கோ' அதைத் தனதாக்கிக்கொண்டது. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு தவறை மட்டும் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நன்றாக ஆங்கிலம் பேசுபவர்களிடமும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'டிட் யூ வென்ட்?' என்பது தவறு. கேள்வியிலும் எதிர்மறையிலும் இறந்தகாலத்தை 'டிட்' தோளில் ஏற்றிக்கொள்கிறது. அது ஏற்றிக்கொண்ட பிறகு முதன்மை வினை அதைச் சுமக்கக் கூடாது: 'டிட் யூ கோ?', 'ஐ டிட் நாட் கோ'. தமிழிலும் 'போகவில்லை' என்பதில் 'போக' எந்தக் காலத்தையும் காட்டுவதில்லை. அதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

## நிகழ்காலத் தொடர் எதையெல்லாம் சொல்லும்?

1. கண் முன்னால் நடப்பது. 'இட் இஸ் ரெயினிங்'. இது எல்லோருக்கும் தெரிந்ததே.

2. இந்த நிமிடம் நடக்காவிட்டாலும், இந்த நாட்களில் நடந்துகொண்டிருப்பது. 'ஐ ஆம் லேர்னிங் டிரைவிங்' என்பவர் அதைச் சொல்லும்போது டீ குடித்துக்கொண்டிருக்கலாம். பயிற்சி தொடங்கிவிட்டது, முடியவில்லை. அது போதும்.

3. தற்காலிகமானது. 'ஐ லிவ் இன் சென்னை' என்றால் அதுதான் என் ஊர், என் வீடு. 'ஐ ஆம் லிவிங் இன் சென்னை' என்றால் இப்போதைக்கு இங்கே இருக்கிறேன் என்ற தொனி வந்துவிடும். 'ஹி இஸ் ரூட்' என்றால் அவர் சுபாவமே முரட்டுத்தனம். 'ஹி இஸ் பீயிங் ரூட்' என்றால் இந்த வேளையில் அப்படி நடந்துகொள்கிறார், அவ்வளவுதான். ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்பே இந்த ஒரு சொல்லில் மாறிவிடுகிறது.

4. மெல்ல மாறிவருவது. 'தி டேஸ் ஆர் கெட்டிங் ஹாட்டர்'. இரண்டு நிலைகளுக்கு நடுவில் இருக்கிறோம் என்பதால் இங்கே தொடர் வடிவம் பொருந்துகிறது.

5. ஏற்பாடு செய்துவிட்ட எதிர்காலம். 'ஐ ஆம் மீட்டிங் தி டாக்டர் டுமாரோ'. டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது. ஒரு வகையில் அந்தச் சந்திப்பு இப்போதே தொடங்கிவிட்டது. தமிழிலும் 'நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறேன்' என்று நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம். இந்த இடத்தில் இரண்டு மொழிகளும் கை கோத்துப் போகின்றன. ஆனால் மனிதர் ஏற்பாடு செய்ய முடியாததற்கு இது பொருந்தாது. 'இட் இஸ் ரெயினிங் டுமாரோ' என்று சொல்வதில்லை, மழையிடம் யாரும் நேரம் வாங்கவில்லை.

6. 'ஆல்வேஸ்' சேர்ந்து வரும் சலிப்பு. 'ஹி இஸ் ஆல்வேஸ் பாரோயிங் மணி' என்பதில் தகவலைவிட எரிச்சல்தான் அதிகம். 'எப்பப் பார்த்தாலும் கடன் கேட்டுக்கிட்டே இருக்கான்' என்பதில் 'கிட்டே' தருகிற அதே அழுத்தம்.

இந்த வடிவம் ஆங்கிலத்தில் எப்போதும் இவ்வளவு பரவலாக இருந்ததில்லை. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், கையில் புத்தகத்தோடு வரும் இளவரசரிடம் பொலோனியஸ் 'வாட் டு யூ ரீட்?' என்றுதான் கேட்கிறார். இன்றைக்கு ஒருவர் அப்படிக் கேட்டால், பொதுவாக எந்த மாதிரிப் புத்தகம் படிப்பீர்கள் என்று பொருளாகும். கையில் இருப்பதைக் கேட்க 'வாட் ஆர் யூ ரீடிங்?' என்றே கேட்க வேண்டும். 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' போன்ற வாக்கியங்கள் புழக்கத்துக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினார்கள். இன்று நாம் கட்டாயம் என்று கற்கும் விதி, மொழி மெல்ல மெல்ல வந்து சேர்ந்த இடம்.

## எளிய இறந்தகாலம் எதைச் சொல்லும்?

இதன் வேலை குறைவு, ஆனால் உறுதியானது. முடிந்துபோன, பேசும் நேரத்திலிருந்து துண்டித்து வைக்கப்பட்ட ஒன்றை அது சொல்கிறது.

1. ஒரு தடவை நடந்து முடிந்தது: 'ஐ பாட் எ பைக் இன் 2019'.

2. முன்பு வழக்கமாக இருந்தது: 'வி வாக்ட் டு ஸ்கூல்'. ஒரு நாள் நடந்ததையும் இது சொல்லும், பத்து வருடம் நடந்ததையும் இதுவே சொல்லும். செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு இதில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'இங்' வந்தால் நீளமான செயல், இறந்தகாலம் வந்தால் குட்டையான செயல் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது தவறு. சோழர்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்டதையும் 'ரூல்ட்' என்ற ஒரே சொல் சொல்லிவிடும்.

3. முன்பு இருந்த நிலை: 'ஷி நியூ ஹிம்'.

4. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை: 'ஹி ஓபன்ட் தி டோர், சா தி ஸ்னேக் அண்ட் ரேன்'. கதை சொல்லுதலின் முதுகெலும்பு இதுதான். ஒவ்வொரு இறந்தகால வினையும் கதையை ஒரு படி முன்னே நகர்த்துகிறது. தொடர் வடிவம் நகர்த்தாது, காட்சியை நிறுத்தி வைத்துக் காட்டும்.

கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டால் இது காதிலேயே தெரியும். பந்துவீச்சாளர் ஓடிவரும்போது வர்ணனையாளர் தொடர் வடிவத்தில் பேசுவார். பந்து விழுந்ததும், அடித்ததும், பிடித்ததும் நொடியில் முடிந்துவிடுவதால் சாதாரண நிகழ்கால வினைக்குத் தாவிவிடுவார். மறுநாள் நாளிதழில் அதே ஓவர் முழுக்க எளிய இறந்தகாலத்தில் இருக்கும். ஆனால் தலைப்பில் மட்டும் ஆங்கில நாளிதழ்கள் நிகழ்கால வினையையே போடும். தலைப்பைப் பார்த்துக் காலம் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒன்றே காரணம் போதும்.

## தமிழ் நம்மை எங்கே இழுக்கிறது?

'கிற்' என்ற ஒரே சாவி. 'அவர் வங்கியில் வேலை செய்கிறார்', 'அவர் தூங்குகிறார், எழுப்பாதே'. இரண்டிலும் ஒரே இடைநிலைதான். முதலாவது நிரந்தர நிலை, 'ஹி வொர்க்ஸ்'. இரண்டாவது இந்தக் கணம், 'ஹி இஸ் ஸ்லீப்பிங்'. தமிழ் ஒரு கதவு வைத்த இடத்தில் ஆங்கிலம் இரண்டு கதவு வைத்திருக்கிறது. நமக்குத் தேவைப்பட்டால் 'தூங்கிக்கொண்டிருக்கிறார்' என்று தெளிவாக்கலாம், ஆனால் கட்டாயம் இல்லை. ஆங்கிலத்தில் கட்டாயம். 'தூங்குகிறார்' என்று மனதில் வந்ததும், 'கொண்டிருக்கிறார்' சேர்த்தாலும் பொருள் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். நின்றால் பெரும்பாலும் தொடர் வடிவம். 'வங்கியில் வேலை செய்துகொண்டிருக்கிறார்' என்றால் இப்போதைக்கு என்ற வாசனை வருகிறதல்லவா, ஆங்கிலத்திலும் அப்படியே வரும்.

'எனக்கு இரண்டு அண்ணன்கள்.' 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பது இந்திய ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்பது. உடைமை, அறிவு, விருப்பம், நம்பிக்கை போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். அவற்றுக்கு நடுப்பகுதி என்று தனியாக ஒன்று கிடையாது, எந்தக் கணத்தில் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நடுவில் நின்று பார்ப்பதுதான் தொடர் வடிவத்தின் வேலை என்பதால், இங்கே அதற்கு வேலை இல்லை. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்', 'ஐ நோ ஹிம்', 'ஐ வான்ட் காபி'.

அதே வினை செயலாக மாறினால் தொடர் வடிவம் உடனே திரும்பிவரும். 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் சாப்பாடு தொடங்கி முடியும் செயல். 'ஐ திங்க்' என்றால் என் கருத்து. 'ஐ ஆம் திங்கிங்' என்றால் மண்டைக்குள் வேலை நடக்கிறது. 2003ல் மெக்டொனால்ட்ஸ் தொடங்கிய 'ஐ ஆம் லவ்விங் இட்' என்ற விளம்பர வரி இந்த விதியை வேண்டுமென்றே மீறியது. பிடித்திருக்கிறது என்ற நிலையை, இந்த நிமிடம் அனுபவித்துக்கொண்டிருக்கும் செயலாக அது மாற்றிக் காட்டுகிறது. விதி தெரிந்தவருக்குத்தான் அந்த மீறலின் ருசி புரியும்.

'சட்டை போட்டிருக்கிறார்.' இதுதான் அதிகம் பேர் கவனிக்காத இடம். 'போட்டு', 'உட்கார்ந்து', 'பிடித்து' ஆகியவை இறந்தகால வினையெச்சங்கள். தமிழின் கணக்குப்படி போடுவது என்ற செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு இருக்கிறது. ஆங்கிலமோ அந்த விளைவையே நடந்துகொண்டிருக்கும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது: 'ஹி இஸ் வேரிங் எ ப்ளூ ஷர்ட்', 'ஷி இஸ் சிட்டிங் தேர்'. ரயில் நிலையத்தில் ஒருவரை அழைத்துவரச் சொல்லி அடையாளம் கூறும்போது 'ஹி வோர் எ ப்ளூ ஷர்ட்' என்று சொல்லிவிட்டால், அவர் எப்போதோ அந்தச் சட்டையில் இருந்தார் என்றுதான் பொருள். இப்போது எந்த நிறத்தைத் தேடுவது?

'ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன்.' தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பது பொருந்தாது. 'ஐ லிவ்ட்' என்றாலும் பொருந்தாது, அது நான் கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிடும். முன்பு தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு மூன்றாவதாக ஒரு வடிவம் தேவை: 'ஐ ஹேவ் பீன் லிவிங்'. 'சாப்பிட்டாச்சா?' என்பதும் இந்த எல்லையில் நிற்பதுதான். பிரிட்டன்காரர் பெரும்பாலும் 'ஹேவ் யூ ஈட்டன்?' என்பார், அமெரிக்கர் 'டிட் யூ ஈட்?' என்று எளிய இறந்தகாலத்திலேயே கேட்டுவிடுவார். இரண்டும் சரி.

## 'வந்துட்டேன்' தவறான தமிழா?

இல்லை. அதற்கு மிகப் பழைய விதி இருக்கிறது. தொல்காப்பியம் காலம் மூன்று என்று வகுத்துவிட்டு, அதே வினையியலில் ஒரு விலக்கையும் தருகிறது: இனி நடக்கப்போவதையும் நடந்துகொண்டிருப்பதையும் விரைவு காரணமாக இறந்தகாலத்தில் சொல்லலாம். உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் இன்றைய வீட்டு வாசல் காட்சியேதான். சாப்பாட்டுக்காகக் காத்திருப்பவனையோ சாப்பிட்டுக்கொண்டிருப்பவனையோ ஒருவன் அவசரப்படுத்துகிறான். அவன் 'உண்டேன், போந்தேன்' என்று பதில் சொல்கிறான். போந்தேன் என்றால் வந்தேன். சாப்பிட்டும் முடிக்கவில்லை, எழுந்தும் வரவில்லை.

பவணந்தியின் நன்னூல் இதை விரித்து, விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்ற நான்கு காரணங்களால் காலம் மாறி வரலாம் என்கிறது. தெளிவுக்கு வழிவழியாகச் சொல்லப்படும் உதாரணம், எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் மழை பெய்தது என்பது. பெய்யப்போவது அவ்வளவு நிச்சயம். எதிரே பேருந்து தெரிந்ததும் 'பஸ் வந்துருச்சு' என்பதும், தேர்வுத் தாளைப் பார்த்ததும் 'செத்தேன்' என்பதும் இந்தக் குடும்பம்தான்.

ஆங்கிலம் இந்த வேலைகளை இறந்தகாலத்திடம் கொடுக்கவில்லை. விரைவையும் நிச்சயத்தையும் காட்ட அது நிகழ்காலத்தின் பக்கமே திரும்புகிறது:

1. 'இதோ வந்துட்டேன்' – 'ஐ ஆம் கமிங்'.
2. தூரத்தில் பேருந்து தெரியும்போது 'பஸ் வந்துருச்சு' – 'தி பஸ் இஸ் கமிங்'.
3. கறுத்த மேகத்தைப் பார்த்து 'மழை வந்துருச்சு' – 'இட் இஸ் கோயிங் டு ரெயின்'.

தமிழ் முடிவைத் தொட்டுக் காட்டி 'ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்' என்கிறது. ஆங்கிலம் வழியைக் காட்டி 'கிளம்பியாகிவிட்டது' என்கிறது. இரண்டுமே காத்திருப்பவரைச் சமாதானப்படுத்தும் வழிகள்தான், காலக் கணக்கு மட்டும் வேறு. அதனால் இந்த மாதிரி வாக்கியங்களை வினையின் விகுதியைப் பார்த்து மொழிபெயர்க்காமல், உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்பதைப் பார்த்து மொழிபெயர்க்க வேண்டும்.

## நடப்பது முடியுமா?

சரி, இப்போது இந்த ஒப்பீட்டின் ஆழமான பகுதிக்கு வரலாம். ஒரு செயல் 'நடந்துகொண்டிருக்கிறது' என்பது உண்மையானால், பின்னால் அது 'நடந்தது' என்பதும் உண்மையாகிவிடுமா?

'ஷி இஸ் வாக்கிங்' என்று சொல்ல முடிகிற கணத்திலேயே, கொஞ்சமாவது நடந்துவிட்டாள். இப்போது நின்றுவிட்டாலும் 'ஷி வாக்ட்' உண்மைதான். ஆனால் 'ஷி இஸ் கிராஸிங் தி ரோடு' என்பது அப்படியல்ல. பாதி சாலையில் திரும்பி வந்துவிட்டால் 'ஷி கிராஸ்ட் தி ரோடு' என்று சொல்லவே முடியாது. கடந்துகொண்டிருந்தாள், ஆனால் கடக்கவில்லை.

இந்த வித்தியாசத்தைத் தத்துவவாதி ஜீனோ வெண்ட்லர் 1957ல் ஒரு வகைப்பாடாகக் கொடுத்தார். அவர் வினைகளை நான்காகப் பிரித்தார். எளிய தமிழில் இப்படிச் சொல்லலாம்:

1. நிலை: தெரிந்திருத்தல், பிடித்திருத்தல். தொடர் வடிவம் பொதுவாக ஒட்டாது.

2. இலக்கில்லாத செயல்: நடப்பது, நீந்துவது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை நடந்தது நடந்ததுதான்.

3. இலக்குள்ள செயல்: வீடு கட்டுவது, சாலையைக் கடப்பது, கடிதம் எழுதுவது. இலக்கைத் தொட்டால்தான் எளிய இறந்தகாலம் உண்மையாகும்.

4. கணத்தில் நிகழ்வது: வந்து சேர்வது, இறப்பது, கண்டுபிடிப்பது. இவற்றுக்கு நீளம் இல்லை. அதனால் தொடர் வடிவம் வந்தால் அந்தக் கணத்தை நெருங்குகிறோம் என்று பொருள். 'தி ட்ரெயின் இஸ் அரைவிங்' என்றால் ரயில் இன்னும் வரவில்லை. 'ஹி இஸ் டையிங்' என்றால் அவருக்கு உயிர் இருக்கிறது.

இவற்றோடு, இருமல் போன்ற நொடிச் செயல்களைப் பின்வந்த மொழியியலாளர்கள் தனியாகப் பிரித்தார்கள். 'ஹி காஃப்ட்' ஒரு தடவை இருமியதைச் சொல்லலாம். 'ஹி இஸ் காஃபிங்' என்றால் இருமல் திரும்பத் திரும்ப வருகிறது.

## சொல்லும் இடத்தில் என்ன ஆகிறது?

மூன்றாவது வகைதான் நடைமுறையில் நம்மை அதிகம் பாதிக்கிறது. ஒரு நிறுவனம் 'வி ஆர் ப்ராசஸிங் யுவர் ரீஃபண்ட்' என்று எழுதினால் பணம் வரும் என்று அந்த வாக்கியம் உறுதி தரவில்லை. வேலை தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது. 'வி ப்ராசஸ்ட் யுவர் ரீஃபண்ட்' என்று வந்தால்தான், பணம் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை வருகிறது. அரசு அறிக்கைகளிலும் இதைப் பார்க்கலாம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம், பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம் என்ற வாக்கியங்கள் பல ஆண்டுகள் கழித்தும் பொய்யாவதில்லை. முடிவைப் பற்றி அவை எதுவுமே சொல்லவில்லையே.

மருத்துவரிடம் இது இன்னும் முக்கியம். அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை பற்றிக் கேட்கும்போது 'ஐ ஆம் டேக்கிங் இட்' என்பதற்கும் 'ஐ டுக் இட்' என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. முதலாவது, இந்த நாட்களில் மருந்து உடம்பில் போய்க்கொண்டிருக்கிறது என்கிறது. இரண்டாவது, எப்போதோ சாப்பிட்டேன், முடிந்தது என்று புரிந்துகொள்ளப்படலாம். இந்த மாதிரி இடத்தில் எந்தத் தேதி வரை சாப்பிட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

வேலைக்கான நேர்காணலில் இப்போதைய வேலையைப் பற்றி 'ஐ வொர்க்ட் தேர்' என்றால் அதை விட்டுவிட்டீர்கள் என்று பதிவாகும். மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். 'மை அங்கிள் லவ்ட் மியூசிக்' என்று முன்பின் விளக்கம் இல்லாமல் சொன்னால், கேட்பவர் மாமா காலமாகிவிட்டார் என்று நினைத்து வருத்தம் தெரிவிக்கக்கூடும். அவர் நலமாக இருந்தால் 'லவ்ஸ்' என்றே சொல்ல வேண்டும்.

## கால வார்த்தைகளை எவ்வளவு நம்பலாம்?

'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'டூ டேஸ் அகோ', 'இன் 2010' ஆகியவை இருந்தால் நிகழ்காலத் தொடர் வராது. 'ரைட் நவ்', 'அட் தி மொமென்ட்' ஆகியவை இருந்தால் ஒரு செயலுக்கு எளிய இறந்தகாலம் வராது. இது வரை சரி. ஆனால் 'டுடே', 'திஸ் மார்னிங்' போன்றவை இரண்டு பக்கமும் சேரும். காலை 8 மணிக்குப் பேசுபவர் 'ஐ ஆம் மீட்டிங் ஹர் திஸ் மார்னிங்' என்பார். மதியம் 2 மணிக்கு அதே ஆள் 'ஐ மெட் ஹர் திஸ் மார்னிங்' என்பார். காலச் சொல் மாறவில்லை, பேசுபவர் நிற்கும் இடம் மாறிவிட்டது. தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பக் காலச் சொல் உதவும். பேசும்போது உதவுவது, அந்தச் செயல் இன்னும் திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்ற கேள்விதான்.

## இறந்தகாலம் இறந்ததைச் சொல்லாத இடங்கள்

ஆங்கிலத்துக்கும் தனக்கென்று சில கால மயக்கங்கள் உண்டு. அங்கே இறந்தகால வடிவம் நேரத்தில் தூரம் காட்டாமல், வேறு வகைத் தூரம் காட்டுகிறது.

1. பணிவு. 'ஐ வான்டட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்பவர் இப்போதுதான் கேட்க விரும்புகிறார். ஒரு படி தள்ளி நின்று கேட்பதால் மரியாதை கூடுகிறது. நாம் 'ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்' என்று இழுப்பது மாதிரி.

2. உண்மையல்லாத நிபந்தனை. 'இஃப் ஐ நியூ ஹிஸ் நம்பர், ஐ வுட் கால் ஹிம்.' எண் இப்போது தெரியாது என்பதுதான் செய்தி. 'நியூ' இங்கே கடந்த காலத்தைக் குறிக்கவில்லை.

3. 'இட் இஸ் டைம் வி லெஃப்ட்.' வடிவம் இறந்தகாலம், ஆனால் யாரும் இன்னும் கிளம்பவில்லை. கிளம்பியிருக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். வீட்டுக்கு வந்த விருந்தாளி இதைச் சொன்னால், 'போய்ட்டாரா' என்று வாசலைப் பார்க்க வேண்டாம். அவர் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போதுதான் 'வி ஆர் லீவிங்' என்பார்.